செம்பருத்தி மகரந்தம் செம் படத்தில் சப்பையாக வருவது ஏன்?

கொன்றைப்பூ எழுதியது:

வணக்கம். எம்.எஸ்ஸி. தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். செம்பருத்தி, பூவரசு, துத்தி, வெண்டை, பருத்தி என்று ஒரே குடும்பத்துச் செடிகள் ஐந்தின் மகரந்தத்தை ஒப்பிடுவது என் புராஜெக்ட். எங்கள் கல்லூரியில் ஸ்கேனிங் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் (சுருக்கமாக செம், SEM) இல்லை. மூன்று மணி நேரம் பஸ்ஸில் போய், வெளியே ஒரு மையத்தில் காசு கட்டிப் படம் எடுத்து வந்தேன். அந்தப் படங்களைப் பார்த்து இரண்டு நாளாகத் தூக்கம் வரவில்லை.

காலையில் பறித்த பூவிலிருந்து மகரந்தத்தை பாஸ்பேட் உப்புக் கரைசல் உள்ள சின்னக் குப்பியில் உதிர்த்தேன். இரவு ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் கொண்டு போனேன். அங்கே ஸ்டப் என்ற சின்ன உலோகத் தட்டில் ஒரு சொட்டு விட்டு, விளக்கடியில் காயவைத்து, தங்கப் பூச்சு போட்டு, 20 கிலோவோல்ட்டில் பார்த்தார்கள்.

செம்பருத்தி மகரந்தம் காற்றுப் போன பந்து மாதிரி குழிந்து கிடக்கிறது. ஒரு பக்கம் வெள்ளையாக எரிகிறது, குறுக்கே கோடுகள் ஓடுகின்றன. சுற்றிலும் சதுரம் சதுரமாகக் கட்டிகள். தோழி ஒருத்தி அவை நானோ துகள்கள் என்கிறாள். 20,000 மடங்குக்குப் போய்விட்டுத் திரும்பினால், பார்த்த இடத்தில் கறுப்பாக ஒரு சதுரம் பதிந்திருக்கிறது.

இதே மகரந்தம் எங்கள் லேபில் இருக்கும் சாதாரண மைக்ரோஸ்கோப்பில் உருண்டையாக, முள் முள்ளாக அவ்வளவு அழகாகத் தெரிந்தது. பல லட்ச ரூபாய் மெஷினில் ஏன் இப்படி? உயிரோடு இருப்பதை அப்படியே அதில் பார்க்கவே முடியாதா?

இயற்பியல் வாத்தியார் எழுதியது:

மெஷின் ஏன் தேவைப்பட்டது என்பதை மட்டும் நான் சொல்கிறேன், மாதிரி தயாரிப்பு எனக்குத் தெரியாது. ஒளியின் அலைநீளம் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர். அதைக் கொண்டு பார்க்கும்போது, ஒன்றுக்கொன்று 200 நானோமீட்டருக்கும் நெருக்கமான இரண்டு புள்ளிகள் ஒன்றாகக் கலந்துவிடும். எவ்வளவு நல்ல லென்ஸ் போட்டாலும் சாதாரண ஒளி மைக்ரோஸ்கோப்புக்கு இதுதான் வேலி. எலக்ட்ரானுக்கும் அலைத்தன்மை உண்டு என்று 1924-இல் டி பிராய் சொன்னார். 100 கிலோவோல்ட்டில் முடுக்கிய எலக்ட்ரானின் அலைநீளம் 0.0037 நானோமீட்டர்தான். 1926-இல் ஹான்ஸ் புஷ், கம்பிச் சுருளின் காந்தப்புலம் எலக்ட்ரான் கற்றையை லென்ஸ் மாதிரி குவிக்கும் என்று காட்டினார். 1931-இல் பெர்லினில் மாக்ஸ் நோலும் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் இந்தக் காந்த லென்ஸைக் கொண்டு எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பை உருவாக்கினார்கள். ருஸ்காவுக்கு நோபல் கிடைத்தது 1986-இல்! நோல் 1969-லேயே இறந்துவிட்டார்.

அலைநீளம் இவ்வளவு குறைவு என்பதால் தெளிவும் லட்சம் மடங்கு கூடிவிடாது. காந்த லென்ஸ் ஓரத்தில் வரும் எலக்ட்ரான்களை அளவுக்கு மேல் வளைத்துவிடும். வட்டமான காந்த லென்ஸில் இந்தப் பிழையைத் தவிர்க்கவே முடியாது என்று 1936-இல் ஷெர்ட்சர் கணக்குப் போட்டுக் காட்டினார். வட்டமில்லாத லென்ஸ்களை அடுக்கி ஹைடர், ரோஸ், ஊர்பன் மூவரும் அதைச் சரிசெய்து காட்டியது 1998-இல்.

இருட்டறை எழுதியது:

அம்மா, உங்கள் கேள்வியைப் படித்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் 26 வருஷம் செம், டெம் (எலக்ட்ரான் மாதிரியை ஊடுருவிப் போகும் டிரான்ஸ்மிஷன் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்) இரண்டையும் ஓட்டியவன். இருட்டறையில் நெகட்டிவ் கழுவிய காலத்திலிருந்து இந்த வேலையில் இருந்திருக்கிறேன். நீங்கள் சொன்ன நாலு குறையையும் நூற்றுக்கணக்கான முறை பார்த்திருக்கிறேன். மெஷினில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. மெஷினுக்குள் போவதற்கு முன்னால் மகரந்தத்துக்கு என்ன நடந்ததோ, அதைத்தான் படம் காட்டுகிறது.

முதலில் செம் ஒரு கேமரா என்ற நினைப்பை விடுங்கள். இருட்டில் சுவரை விரல் நுனியால் தடவிப் பார்க்கிறோமே, அது போன்ற வேலை. மேலே ஊசி வளைவு மாதிரி ஒரு டங்ஸ்டன் ஃபிலமெண்ட், சுமார் 2,500 டிகிரி செல்சியஸில் காய்கிறது. அதிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்களைக் காந்த லென்ஸ்கள் சில நானோமீட்டர் அகலமுள்ள முனையாகக் குவிக்கின்றன. அந்த முனை வயலில் சால் ஓட்டுவது மாதிரி வரிவரியாக மாதிரியின் மேல் ஓடும். ஒவ்வொரு புள்ளியிலும் மேற்பரப்பிலிருந்து தெறிக்கும் எலக்ட்ரான்களை டிடெக்டர் எண்ணுகிறது. நிறைய வந்தால் திரையில் அந்தப் புள்ளி வெளுப்பு, குறைந்தால் கறுப்பு. அவ்வளவுதான் படம். மடங்கைக் கூட்டுவது என்றால் உழும் நிலத்தைச் சுருக்குவது: திரை 10 சென்டிமீட்டர், ஓடும் இடம் 10 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்றால் 10,000 மடங்கு.

உங்கள் கறுப்புச் சதுரத்துக்கு இதிலேயே பதில் இருக்கிறது. 20,000 மடங்கில் நீங்கள் பார்த்த இடம் சில மைக்ரான்தான். முனை அந்தத் துண்டின் மேலேயே திரும்பத் திரும்ப ஓடியது. மாதிரியிலும் அறையிலும் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பசை அந்த இடத்தில் கரியாகப் படிந்துவிடும். அதுதான் நீங்கள் வெளியே வந்ததும் சதுரமாகத் தெரிந்தது. ஃபோகஸ், பிரகாசம் எல்லாவற்றையும் பக்கத்து இடத்தில் சரிசெய்துவிட்டு, வேண்டிய இடத்துக்கு நகர்ந்ததும் உடனே படத்தை எடுக்கச் சொல்லுங்கள். அதிக மடங்கில் ஒரே இடத்தில் பேசிக்கொண்டு நிற்கக் கூடாது.

அடுத்தது சப்பை. எலக்ட்ரான் காற்றில் ஓடாது, ஒவ்வொரு மூலக்கூறிலும் மோதிச் சிதறும். அதனால் காற்றழுத்தத்தில் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே வெற்றிடம் வேண்டும். அந்த வெற்றிடத்தில் தண்ணீர் அறை வெப்பத்திலேயே கொதித்துப் போய்விடும். ஆகவே மாதிரி காய்ந்துதான் உள்ளே போக வேண்டும். எப்படிக் காய்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குளித்த தலைமுடி கற்றையாக ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். வற்றுகிற தண்ணீரின் பரப்பு இழுவிசை செய்கிற வேலை அது. மகரந்தத்தின் அளவில் அந்த இழுப்பு ஒரு மதகு இடிகிற மாதிரி. உங்கள் சொட்டு விளக்கடியில் வற்றியபோதே பந்து குழிந்துவிட்டது. வெற்றிடத்துக்குப் போகும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

சதுரக் கட்டிகள் உப்பு. சாப்பாட்டு உப்பேதான். பாஸ்பேட் உப்புக் கரைசலில் சோடியம் குளோரைடு உண்டு. சொட்டு வற்றியதும் அது கனசதுரப் படிகமாக நிற்கிறது. சந்தேகம் இருந்தால் அந்த மெஷினிலேயே எடாக்ஸ் (எந்தத் தனிமம் இருக்கிறது என்று காட்டும் கருவி) இருக்கும், கட்டியின் மேல் முனையை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்; சோடியமும் குளோரினும் இரண்டு கோபுரமாக எழும்பும். தயவுசெய்து அதை நானோ துகள் என்று எழுதிவிடாதீர்கள். உப்புப் படிகத்தைப் புதுப் பொருள் என்று நினைத்து ஒரு பிள்ளை ஆறு மாதம் வீணாக்கியதைக் கண்ணால் பார்த்தவன் நான். அந்தப் பிள்ளையிடம் அதைச் சொன்ன நாள் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

வெள்ளையாக எரிவதற்குச் சார்ஜிங் என்று பெயர். எலக்ட்ரான் உள்ளே வந்தால் ஸ்டப் வழியாகத் தரைக்குப் போக வேண்டும். மகரந்தம் மின்சாரம் கடத்தாது. வடிகால் இல்லாத தெருவில் மழைத் தண்ணீர் தேங்குவது போல எலக்ட்ரான் தேங்கி, அடுத்து வரும் கற்றையைத் தள்ளிவிடும். படம் நழுவுவதும் கோடு விழுவதும் அதனால்தான். பத்து நானோமீட்டர் அளவுக்குத் தங்கம் பூசுவது இந்த வடிகாலுக்காக. செம்பருத்தி மகரந்தம் நூறு மைக்ரானைத் தாண்டும் பெரிய உருண்டை. தங்கம் மேலிருந்து படியும்போது உருண்டையின் அடிவயிறு வெறுமையாகவே நின்றுவிடுகிறது. ஸ்டப்பைச் சாய்த்துச் சுழற்றி இரண்டு தடவை பூசச் சொல்லுங்கள். அதோடு 20 கிலோவோல்ட் வேண்டாம். இப்படி லேசான பொருளில் அந்த வேகத்துக்கு எலக்ட்ரான் சில மைக்ரான் ஆழம் இறங்கிவிடும், மேல்தோல் விவரம் மங்கும். 5 போதும், மிஞ்சினால் 10.

மறுபடி போகும்போது கரைசலே வேண்டாம். மகரந்தப் பையை சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேட்டரில் (ஈரத்தை உறிஞ்சும் மூடிய ஜாடி) இரண்டு மூன்று நாள் வையுங்கள். பிறகு கார்பன் டேப்பின் மேல் மெல்லத் தட்டுங்கள். மகரந்தத்தின் வெளிச்சுவர் மிகவும் உறுதியானது, பெரும்பாலும் தாங்கும். தாங்காவிட்டால்தான் நீண்ட வழி: 2.5 சதவீத குளுட்டரால்டிஹைடில் நிலைநிறுத்தி, காய்ச்சி வடித்த நீரில் உப்புப் போகக் கழுவி, 30, 50, 70, 90, 100 என்று ஆல்கஹாலில் ஏற்றி, கடைசியில் கிரிட்டிக்கல் பாயிண்ட் டிரையர். அதில் ஆல்கஹாலின் இடத்தைத் திரவ கார்பன் டை ஆக்சைடு பிடிக்கும். 31 டிகிரியும் 73 வளிமண்டல அழுத்தமும் தாண்டினால் திரவம், வாயு என்ற எல்லையே இருக்காது. எல்லை இல்லாவிட்டால் பரப்பு இழுவிசையும் இல்லை, குழிவதற்குக் காரணமும் இல்லை.

ஆனால் எல்லா மாதிரிக்கும் அந்த வழி ஆகாது. தாமரை இலையை ஆல்கஹாலில் போட்டால் தண்ணீர் ஒட்டாமல் வைத்திருக்கும் மெழுகே கரைந்துவிடும். பிறகு எதைப் பார்ப்பது?

கொன்றைப்பூ எழுதியது:

சார், ரொம்ப நன்றி. உங்கள் பதிலை அச்செடுத்து லேப் நோட்டில் ஒட்டிவிட்டேன். எங்கள் கைடு, கருவியின் வரம்புகள் பற்றித் தனியாக ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார். செல்லுக்குள்ளே பார்க்கும் டெம்மிலும் இதே பிரச்சினைகள்தானா? பாக்டீரியாவில் மீசோசோம் இருப்பதாகப் பள்ளியில் படம் வரைந்திருக்கிறேன், இப்போது அது பொய் என்கிறார்களே? பத்திரிகைகளில் வரும் கலர் படங்களை எந்த மெஷினில் எடுக்கிறார்கள்?

இருட்டறை எழுதியது:

கலருக்குப் பதில் சுருக்கம். எந்த மெஷினும் அந்த நிறத்தைக் காட்டாது. நிறம் ஒளியின் சமாச்சாரம், எலக்ட்ரானில் எண்ணிக்கை மட்டும்தான் உண்டு. படம் எடுத்த பிறகு கம்ப்யூட்டரில் நிறம் ஏற்றுகிறார்கள். பகுதிகளைப் பிரித்துக் காட்டுவதற்கு என்றால் சரி, ஆனால் படத்துக்குக் கீழே அதைச் சொல்ல வேண்டும். அந்தக் கலர்தான் நிஜம் என்று நம்பிக்கொண்டு குழந்தைகள் வளர்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

டெம்மில் எலக்ட்ரான் மாதிரியை ஊடுருவி மறுபக்கம் போக வேண்டும். அதனால் மாதிரி 60 முதல் 90 நானோமீட்டர் தடிமன்தான் இருக்கலாம். திசுவைப் பிசினில் பதித்து இறுகவைத்து, அல்ட்ராமைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் கண்ணாடிக் கத்தியாலோ வைரக் கத்தியாலோ சீவுவோம். சீவல் கத்தியின் பின்னால் உள்ள சின்னத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும். அதன் தடிமனை அளக்கக் கருவி வேண்டாம், நிறமே சொல்லும். தண்ணீரின் மேல் அது வெள்ளியாக மின்னினால் சரி, தங்க நிறம் வந்தால் தடிமன் கூடிவிட்டது. மூச்சுப் பட்டால் சீவல் நகர்ந்துவிடும். கண்ணிமை முடி ஒன்றைக் குச்சியில் ஒட்டி, அதால் சீவல்களை ஒதுக்கி, 3 மில்லிமீட்டர் அகலமுள்ள செப்பு கிரிட்டில் (சின்ன வலைத்தட்டு) ஏந்துவோம். நல்ல வரிசையாக நாலு சீவல் கிடைத்த நாளில் சாப்பாடு கூட மறந்துபோகும்.

பத்து மைக்ரான் செல் ஒன்றை முழுதாகப் பார்க்க 70 நானோமீட்டரில் சுமார் 140 சீவல் வேண்டும். நாம் பார்ப்பது அதில் ஒன்று. வளைந்த புடலங்காயைக் குறுக்கே நறுக்கினால் வட்டம் வரும், சாய்த்து நறுக்கினால் முட்டை வடிவம் வரும், வளைவில் பட்டால் இரண்டு தனி வட்டம் வரும். இரண்டு மைட்டோகாண்ட்ரியா என்று எழுதுவதற்கு முன்னால் அது ஒரே புடலங்காயா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று: கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் எல்லாம் எலக்ட்ரானை அதிகம் சிதறடிக்காத லேசான அணுக்கள். வெறும் செல் டெம்மில் சாம்பல் நிறத்தில் ஒன்றும் தெரியாமல் கிடக்கும். அதனால் ஆஸ்மியம், யுரேனைல் அசிடேட், லெட் சிட்ரேட் என்று கனமான உலோகங்களை ஏற்றுகிறோம். படத்தில் கறுப்பாகத் தெரியும் சவ்வு, உலோகம் உட்கார்ந்த இடம். லெட் சிட்ரேட் போடும்போது என் சீனியர் என்னைப் பேசவே விடமாட்டார். நம் மூச்சில் உள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டால் அது கார்பனேட்டாகிக் கறுப்புப் பொட்டுகளாகச் சீவல் மேல் விழும். மூடிய தட்டில் சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகளை வைத்து அந்த வாயுவை முதலில் உறிஞ்சவிட வேண்டும். இப்படி விழுந்த பொட்டுகளை வைரஸ் என்று காட்டி ஒருவர் என்னிடம் வந்திருக்கிறார்.

இப்போது மீசோசோம். 1950களிலிருந்து டெம் படங்களில் பாக்டீரியாவின் சவ்வு உள்ளே சுருண்டு பை மாதிரி இருப்பது தெரிந்தது. ஒரு லேபில் மட்டும் இல்லை, பல லேப்களில் அழகாகத் தெளிவாகத் தெரிந்தது. அதற்கு வேலைகளும் கற்பித்தார்கள்: செல் பிரிவதற்கு, சுவாசத்துக்கு என்று. பிறகு ரசாயனம் போடாமல், பாக்டீரியாவை நொடிக்குள் உறையவைத்துப் பார்த்தபோது அந்தப் பை இல்லை. ரசாயனத்தில் நிலைநிறுத்தும்போது சவ்வு குலைந்து சுருள்வதால் உண்டானது அது. இதை யாரும் பொய் சொன்னதாகச் சொல்ல மாட்டேன். அவர்கள் கண்டது நிஜமாகவே அந்தச் சீவலில் இருந்தது. உயிருள்ள பாக்டீரியாவில்தான் இல்லை. உங்கள் வரம்புகள் பக்கத்தில் இந்த ஒன்றை மட்டும் விரிவாக எழுதினால் கூடப் போதும்.

உயிரோடு பார்க்க முடியாதா என்று கேட்டிருந்தீர்கள். ஜப்பானில் 2012-இல் உண்ணிகளை உயிரோடு செம்முக்குள் வைத்துப் பார்த்தார்கள், வெளியே எடுத்த பிறகும் அவை உயிரோடு இருந்தன. அடுத்த வருஷம் அங்கேயே வேறொரு குழு, பழ ஈயின் புழுவின் மேல் எலக்ட்ரான் பட்டதும் மெல்லிய படலம் உண்டாகி நீர் வெளியேறாமல் காப்பதைக் காட்டியது. சுற்றுச்சூழல் செம் என்று ஒன்று உண்டு. அதில் மாதிரி அறையில் மட்டும் சிறிது நீராவியை விட்டு, மாதிரியைக் குளிர்வித்து, ஈரத்தோடு பார்க்கலாம். தங்கம் வேண்டாம், ஆனால் தெளிவு குறையும். இவையெல்லாம் மேல்தோலைப் பார்ப்பது. உயிருள்ள செல்லின் உள்ளே 70 நானோமீட்டர் சீவலின் நுணுக்கத்தோடு பார்க்க வழி இல்லை, எலக்ட்ரான் கற்றையே செல்லைக் கொன்றுவிடும்.

பனித்துளி எழுதியது:

இருட்டறை சார் சொன்ன உறையவைக்கும் வேலையைத்தான் நான் தினமும் செய்கிறேன், கிரையோ டெம்மில். தண்ணீரைச் சும்மா உறையவைத்தால் பனிப் படிகம் வளர்ந்து செல்லைக் குத்திக் கிழிக்கும். 1980களின் தொடக்கத்தில் ஹைடல்பெர்கில் ஜாக் துபோஷே குழு, படிகம் வளர நேரமே கொடுக்காமல் தண்ணீரைக் கண்ணாடி மாதிரி உறையவைத்தது. திரவ நைட்ரஜனில் நேரே போட்டால் வேலைக்கு ஆகாது. சூடான தோசைக்கல்லில் தண்ணீர்த் துளி ஆவியின் மேல் மிதந்து ஓடுமே, அதே மாதிரி நைட்ரஜன் ஆவி மாதிரியைச் சுற்றிப் போர்வையாக நின்றுவிடும். அதனால் நைட்ரஜனால் குளிர்வித்த திரவ ஈத்தேனில் கிரிட்டைச் சடாரென்று இறக்குகிறோம். உலோகச் சாயம் இல்லை, உலர்த்தலும் இல்லை. 2017 வேதியியல் நோபல் துபோஷே, ஃபிராங்க், ஹெண்டர்சன் மூவருக்கும் இதற்காகத்தான்.

எங்களுக்கும் கஷ்டம் உண்டு. சாயம் இல்லாததால் படம் மூடுபனிக்குள் பார்ப்பது போல மங்கல். பிரகாசத்தைக் கூட்டலாம் என்றால் புரதம் கருகிவிடும். ஒரு சதுர ஆங்ஸ்ட்ராமுக்கு (ஆங்ஸ்ட்ராம் என்பது நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு) சில பத்து எலக்ட்ரான்தான் பொறுக்கும். அதனால் ஒரே புரதத்தின் லட்சக்கணக்கான மங்கல் படங்களைச் சேர்த்துச் சராசரி எடுத்துத்தான் ஒரு தெளிவான உருவம் கட்டுகிறோம். மிகச் சிறிய புரதமாக இருந்தால் அதுவும் சிரமம். நீங்கள் பத்திரிகையில் பார்த்த கொரோனா முள்புரதத்தின் வடிவம் 2020 பிப்ரவரியில் இப்படித்தான் வந்தது. அது தனி ஒரு முள்ளின் போட்டோ இல்லை.

கொன்றைப்பூ எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். சிலிக்கா ஜெல்லில் மூன்று நாள் வைத்து, கார்பன் டேப்பில் தட்டி, சாய்த்து இரண்டு தடவை பூசச் சொல்லி, 5 கிலோவோல்ட்டில் எடுத்தோம். அங்கே இருந்த அக்கா பொறுமையாகச் செய்து கொடுத்தார். துத்தியும் பூவரசும் உருண்டையாக வந்தன. செம்பருத்தியில் பாதி இன்னும் குழிவுதான், ஆனால் குழியாத மகரந்தத்தில் முள்ளின் அடி அகன்று நுனி மழுங்கியிருப்பது வரை தெரிகிறது! உப்புக் கட்டி ஒன்று கூட இல்லை. ஒரு சந்தேகம்: மகரந்தத்தின் விட்டத்தை இந்தப் படத்திலேயே அளந்து அட்டவணையில் போடலாமா?

இருட்டறை எழுதியது:

படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது அம்மா. விட்டத்தை இதில் அளக்க வேண்டாம், உலர்ந்தால் மகரந்தம் சுருங்கும். விட்டத்துக்கு உங்கள் லேபில் இருக்கிற ஒளி மைக்ரோஸ்கோப்பில் தண்ணீரில் வைத்து அளந்ததைப் போடுங்கள். முள்ளின் வடிவத்துக்கும் மேல்தோல் அமைப்புக்கும் செம் படத்தைப் போடுங்கள். எது எந்த முறையில் எடுத்தது என்று அட்டவணைக்குக் கீழேயே எழுதிவிடுங்கள். செம்பருத்தியில் குழிந்த படம் ஒன்றையும் சேர்த்து, எத்தனைக்கு எத்தனை குழிந்தது என்று எண்ணிச் சொல்லுங்கள். மடங்கு எண்ணை நம்பாதீர்கள், அச்சில் படத்தின் அளவு மாறினால் அது தப்பாகிவிடும். ஓரத்தை வெட்டும்போது ஸ்கேல் பார் (படத்தின் மேல் இருக்கும் அளவுக் கோடு) மட்டும் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.